மரத்தின் முகம்

பையைக் கட்டிய பிறகும் உள்ளே நெளிந்துகொண்டிருந்தது.

கமேலியா மரத்தில் இலை இலையாகக் கம்பளிப்பூச்சிகள். தலைகளை ஒட்டி வைத்துக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்த மாதிரி தின்றுகொண்டிருந்தன. தோட்டக்காரர் குரிஹாரா அவற்றைக் கிளையோடு வெட்டி, பிளாஸ்டிக் பையில் திணித்து, நான் படுத்திருந்த அறையின் கண்ணாடிக் கதவுக்கு நேரே வைத்தார்.

இடுப்பெலும்பு உடைந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தோட்டம் இப்படி ஆகிவிட்டது. பிடுங்கிப் போட்ட களையிலிருந்து மீன் கழுவிய தண்ணீர் நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போன மருமகள் கனயே திரும்பி வரவேயில்லை.

அதைவிடக் குமட்டியது என் மகன் நவோயுகியின் குரல். பல் முளைக்காத குழந்தையிடம் பேசுகிற குரல்.

"எல்லாம் உனக்குத்தாம்மா. படுத்துக்கிட்டே பாக்கலாம். முதியோர் இல்லப் பேச்சை விட்டாச்சு. நீ இங்கயேதான் இருக்கப்போறே."

செர்ரி பூத்த சமயம் அந்த இல்லத்தின் படங்களை என் கட்டில்மேல் பரப்பியவனும் இவன்தான். செத்தாலும் என் வீட்டில்தான் என்று சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன். இப்போது மனம் மாறிவிட்டானாம்.

நம்பினேன்.

மரங்களை அவனே பொறுக்கி வந்திருந்தான். ஒரு குட்டை மேப்பிள், ஒரு குள்ளப் பைன். யார் வீட்டிலும் நிற்கக்கூடிய, யாருக்கும் பிடிக்காமல் போகாத மரங்கள்.

"இலை கொட்டினப்புறம் நடலாம்னுதான் சொன்னேன் பெரியம்மா. உங்க பிள்ளைக்கு இந்த வாரமே முடியணுமாம். பொண்ணு பாக்க வர்றாங்களோ என்னமோ!"

குரிஹாரா சிரித்தார். பல்லிடுக்கில் மத்தியானச் சோற்றுருண்டையில் சுற்றியிருந்த கடற்பாசி கறுப்பாக ஒட்டியிருந்தது.

மேப்பிளில் குறுக்கே ஓடிய குச்சிகளைக் கழித்தார். ஒரு பக்கம் கை விரித்த மாதிரி விட்டு, மறுபக்கம் ஒட்ட நறுக்கினார். வேர்க்கட்டோடு குழியில் இறக்கி, மரத்தைக் கட்டிப்பிடித்தபடி, எங்கள் ஊர்த் தோட்டக்காரர் எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"முகம் எந்தப் பக்கம்?"

கிளை அழகாக விரிந்த பக்கம்தான் மரத்தின் முகம்; அதைப் பார்க்கப்போகிறவர் இருக்கும் பக்கம் திருப்பி நடுவதுதான் வழக்கம். நான் தலையணையை நிமிர்த்திக்கொண்டேன்.

"தெருப் பக்கம்" என்றான் நவோயுகி.

குரிஹாரா என்னைப் பார்த்தார். பிறகு, பார்க்காதவர் போல மரத்தைத் திருப்பினார்.

என் பக்கம் வந்து நின்றது அதன் முதுகு. வெட்டிய இடங்களில் தடவிய மருந்து சளி மாதிரி பளபளத்தது.

வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் தெருவில் நின்றுதான் பார்ப்பார்கள்.

மகன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் மண்டியிட்டான். "பிடிச்சிருக்காம்மா?"

"என்னை எப்போ கொண்டுபோய் விடப்போறே?"

'எங்கே' என்று அவன் கேட்கவில்லை.