தலையாட்டல்

மேகலா தனியாகத்தான் வந்திருந்தாள். அவளுக்கென்றே ஒரு கார், ஒரு வழிகாட்டி. மத்தியதரைக் கடலோர நகரத்தைக் காட்டி முடித்த பெஸ்னிக், பக்கத்து மலைக் கிராமத்தில் காரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனான். அப்போது கறுப்பு உடுத்திய ஒரு பெண் வந்து மேகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டாள். பாஷை புரியாவிட்டாலும் மரியாதைக்கு, நம்மூர் வழக்கப்படி மேகலா தலையைப் பக்கவாட்டில் ஆட்டிச் சிரித்துவைத்தாள். அந்தப் பெண் ஓவென்று அழுது, அவள் கையில் முத்தமிட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். தெருவில் ஆட்கள் கூடினார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

திரும்பி வந்த பெஸ்னிக்கின் முகம் அவர்களிடம் பேசப் பேச வெளிறியது.

“சரின்னு சொன்னீங்களா மேடம்? தலையை இடவலமா ஆட்டினா இங்க ‘ஆமா’ன்னு அர்த்தம்.”

“எதுக்கு? அந்தம்மா என்ன கேட்டாங்க?”

“செத்துப்போன மக இடத்துல நீங்க இங்கேயே இருப்பீங்களான்னு.” அவன் காரிலிருந்து மேகலாவின் பையை எடுத்துப்போய் அந்த வீட்டு வாசலில் வைத்தான். கறுப்பு உடைக்காரி உள்ளேயிருந்து ஒரு ஜோடிப் பழைய செருப்பைக் கொண்டுவந்து மேகலாவின் காலருகே போட்டாள். அவள் காலுக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. பெஸ்னிக் சொன்னதை மறந்து மேகலா பின்வாங்கினாள். “வேண்டாம், வேண்டாம்” என்று தலையை வலமும் இடமுமாகப் பலமாக ஆட்டினாள்.

கூட்டம் மொத்தமும் கைதட்டியது.