யாருக்குப் பாசம் அதிகம்

ஒரு தோட்டத்தில் ஒரே தாய்க்கோழி அடைகாத்துப் பொரித்த மூன்று பேர் இருந்தார்கள். முட்டையை உடைத்து முதலில் வந்தது கோழி. ஒரு வாரம் கழித்து வாத்தும் வான்கோழியும் வந்தன. அதனால் அந்த இரண்டுக்கும் கோழிதான் அக்கா. அக்காவின் றெக்கைக்குள் யார் படுப்பது என்று தினமும் சண்டை.

வளர்ந்த பிறகு ஒருநாள் அக்கா சொன்னது: "உள்ளுக்குள்ள நான் சேவல்தான். இனிமே என்னை அண்ணான்னு கூப்பிடுங்க."

"சரிண்ணா," என்றது வான்கோழி உடனே. கோழி அதன் தலையைக் கோதிவிட்டது.

வாத்துக்கு வயிறு எரிந்தது. "மனசுல பட்டதை மறைக்காம சொல்றதுதான் பாசம். எனக்கு நீ என்னைக்கும் அக்காதான்."

"மனசு நோகாம கூப்பிடுறதுதான்டா பாசம்," என்றது வான்கோழி.

கோழி வான்கோழி பக்கத்திலேயே இரை பொறுக்கியது. வாத்தால் சாயங்காலம்வரைகூடத் தாங்க முடியவில்லை. தோட்டமே திரும்பிப் பார்க்கும்படி, "அண்ணா! அண்ணா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தது. கோழிக்குக் கண் கலங்கிவிட்டது. வாத்தை றெக்கைக்குள் இழுத்துக்கொண்டது.

வான்கோழியின் கழுத்து ரத்தமாய்ச் சிவந்தது. "அப்படியா? அப்ப நானும் மனசுல பட்டதைச் சொல்லிடுறேன். நீ அக்காதான்!"

"பாத்தியா அண்ணா, இவனுக்குப் பாசமே இல்ல!" என்று வாத்து பாய்ந்தது. இரண்டும் கட்டிப் புரண்டு கொத்திக்கொண்டன.

கோழி றெக்கையை மடக்கிக்கொண்டு வேலிமேல் ஏறியது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூவியது.

தம்பிகள் போட்ட சத்தத்தில் அது இருவர் காதிலும் விழவில்லை.