ஆறு மணிக் கறண்ட்

"ஆரும் தொடாமலே எழும்புது தம்பி. பின்னேரம் ஆறு மணிக்கு. எழும்பிக் கதைக்குது."

றோஸ்மேரி அன்ரி சொன்னதைக் கேட்டு, கொம்பியூட்டர் திருத்த வந்த அஸாமுக்குக் கையில் மயிர் குத்திட்டது.

"ஆர் கதைக்கிறது?"

"என்ர பிள்ளை ஸ்ரனிஸ்லஸ்."

போன வருசம் தகப்பனோடு கடலுக்குப் போனவன். படகு பிரண்டு, தகப்பன் மட்டும் கரை சேர்ந்தார். பொடியனின் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

கதிரையில் இருந்த அந்தத் தகப்பன் சூசைப்பிள்ளை, கொம்பியூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"'அப்... அப்...' எண்டு இழுக்கிறான் தம்பி. தண்ணிக்கை மூச்சு முட்டுது அவனுக்கு."

"கொம்பியூட்டர் பழசெல்லோ, அதுதான் இழுபடுது," அன்ரி அவசரமாகச் சொன்னா. "வேகத்தைக் கூட்டித் தாங்கோ. பிள்ளை தெளிவாக் கதைக்கவேணும்."

பக்கத்தில் ஸ்ரனிஸ்லஸின் கொம்பியூட்டர் வகுப்புக் கொப்பி விரிந்து கிடந்தது. பக்கமெல்லாம் மஞ்சள் விரல் அடையாளம். குசினியில் சமைத்த கை பட்டிருக்கும் என்று நினைத்து அஸாம் கொம்பியூட்டர்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனான்.

முள்ளியவளையில் தன் கடையில் திறந்து பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்தது. பேயாவது பிசாசாவது! கறண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி ஒரு செற்றிங். எழும்பினதும் ஓடும்படி பொடியனின் பழைய வீடியோ. அந்த ஊருக்கு ஜெனரேற்றர் கறண்ட் வருவதே ஆறு மணிக்குத்தானே!

புது மதர்போட், புது புறொசெசர், றாம் எல்லாம் போட்டான். வீடியோ தங்குதடையில்லாமல் ஓடியது. "அப்பா, நான் வந்திட்டன். சாப்பிட்டியளோ?"

புது மதர்போட்டில் தானாக எழும்புகிற செற்றிங்கை மட்டும் போடவில்லை. பாவம், படிக்காத சனம், இப்பிடியே எவ்வளவு நாளைக்குத்தான் ஏமாறுறது என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

இரண்டாம் நாள் பின்னேரம் கொண்டுபோய் வயரெல்லாம் கொழுவிப் பூட்டினான். சூசைப்பிள்ளை குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கதிரையில் காத்திருந்தார்.

ஆறு மணி. பல்ப் எரிந்தது.

கொம்பியூட்டர் எழும்பவில்லை.

ஒரு நிமிசம். இரண்டு நிமிசம். வெளியே கடல் இரைந்தது.

"றோசு, பிள்ளை வரேல்லை." சூசைப்பிள்ளை எழும்பினார். "அவன் அங்கை தண்ணிக்கைதான் நிக்கிறான். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"பொறுங்கோப்பா, கறண்ட் காணாதாக்கும். வந்திடுவான்."

அவரை இருத்திவிட்டு அன்ரி அஸாமைக் குசினிக்குள் இழுத்தா.

"அன்ரி, நீங்களும் நம்புறியளே?" அஸாமுக்குப் பொறுக்கவில்லை. "அது உங்கட மகன் இல்லை. வெறும் செற்றிங். ஆரோ போட்டு வைச்சிருக்கினம். நான் போய் அங்கிளுக்கு விளங்கப்படுத்துறன்."

"மெல்லக் கதையுங்கோ!" அவா அவன் வாயைப் பொத்தாத குறை. "முந்தி ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டா கழுத்தளவு தண்ணிக்கை நிண்டு அவனைத் தேடினவர். பிள்ளை வீட்டை வாறான் எண்டு நம்பின பிறகுதான் வீட்டிலை இருக்கிறார்."

முன்னறையில் கதிரையைப் பின்னால் அரக்கி எழும்பும் சத்தம் கேட்டது.

"அவன்ர கொப்பியைப் பாத்துப் பாத்து அந்தச் செற்றிங்கைப் போட்டது நான்தான் தம்பி. புதுசிலை அது எந்த இடத்திலை எண்டு கெதியாக் காட்டுங்கோ, அவர் கடலுக்கு வெளிக்கிட்டிட்டார்!"