சுருட்டை வாய் திறக்கவில்லை

கார் சாவியைக் காணவில்லை. வீடே தலைகீழாகக் கிடந்தது.

மாடி வீட்டுத் தையல்காரர் மட்டும் கூடத்து நாற்காலியை விட்டு அசையவில்லை. அசையக் கூடாது என்பது வீட்டம்மாவின் உத்தரவு.

எதிரே, கட்டி வைத்த பெட்டிகளின் ஓரத்தில் சுருட்டை உட்கார்ந்திருந்தது. ரெட்ரீவர் இன நாய். கழுத்து முதல் வால் வரை கறுப்புச் சுருள் மயிர்.

புருஷனும் பெண்டாட்டியும் இன்று விமானம் ஏறுகிறார்கள். திரும்பி வரப்போவதில்லை. கிளம்புவதற்குள் நாய் தானாக வந்து ஒட்டிக்கொண்டால் தையல்காரருக்கு. இல்லாவிட்டால் போகிற வழியில் காப்பகம்.

கூப்பிடக் கூடாது, தடவக் கூடாது. புது ஆளை லேசில் சேர்க்காத இனம். சீப்பு போட்டால் சுருள் பஞ்சாகிவிடும். முட்டையைக் கூட உடையாமல் கவ்வி வரும், ஆனால் நம்பின ஆள் கையில்தான் போடும். வீட்டம்மா மூச்சு விடாமல் ஒப்பித்திருந்தாள்.

தையல்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தையல் மெஷின் ஓய்ந்தால் அவர் வீட்டில் வேறு சத்தமே கிடையாது. இந்த நாய் அவருக்கு வேண்டும்.

பிஸ்கட்டை நீட்டிப் பார்த்தார். முகர்ந்தது. வாயைத் திறக்கவே இல்லை. அப்பப்பா, என்ன வைராக்கியம்!

உள்ளே அலமாரிக் கதவுகள் படார் படார் என்று அறைந்தன.

"போதும் தேடினது, டாக்ஸியக் கூப்பிடு!" வீட்டுக்காரர் கத்தினார்.

தையல்காரர் வாசலைப் பார்த்தார். டாக்ஸி வந்தால் கதை முடிந்தது.

அப்போதுதான் சுருட்டை எழுந்தது. நேராக வந்து அவர் உள்ளங்கையில் மூக்கை வைத்து, வாயைத் திறந்தது.

கார் சாவி. எச்சில் ஈரம் மட்டும்தான், பல் பட்ட தடமே இல்லை.

நாய் பெட்டிகளைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது.

அடப்பாவி, இத்தனை நேரமும் வாய்க்குள்ளா வைத்திருந்தாய்!

காலடிச் சத்தம் நெருங்கியது. அவருடைய விரல்கள் தாமாகவே மூடிக்கொண்டன. சுருள் மயிர் அடர்ந்த கழுத்து அவர் முழங்காலில் சாய்ந்தது.

அதைப் பார்த்த வீட்டம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒட்டிக்கிட்டானே! இனி நிம்மதியாக் கிளம்புவேண்ணா. டாக்ஸியும் வந்துடுச்சு."

பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போயின.

சுருட்டை அசையவில்லை. சாவி இல்லாமல் யாரும் எங்கேயும் போய்விட முடியாது என்று, மூடியிருந்த அந்தக் கையை நம்பிச் சாய்ந்திருந்தது.