சுத்தமான சாரம்

செத்துப்போன தவசிமுத்துவின் சாரத்தை மட்டும் வடித்தெடுத்து, புது உடம்பில் ஊற்றி வீட்டுக்கு அனுப்பியிருந்தது ஒரு கம்பெனி. மனைவி செந்தூர்க்கனி ஆசை ஆசையாய்ச் சோறு போட்டாள். வந்தவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். முன்போல அவள் தட்டிலிருந்து மீன் துண்டைப் பறிக்கவில்லை. உப்பில்லை என்று ஏசவுமில்லை.

"அந்தக் குணமெல்லாம் எங்கய்யா?" என்று கூட வந்திருந்த கம்பெனிக்காரரைக் கேட்டாள்.

"அதெல்லாம் சும்மா மேல ஒட்டியிருந்ததும்மா. சாரம் வேற, ஒட்டினது வேறன்னு கிரேக்க ஞானிங்க அப்பவே பிரிச்சுட்டாங்க. ஒட்டினதைக் கழிச்சுட்டோம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த ஞானிமாருக்கு யாருய்யா சோறு பொங்கிப் போட்டா? நீங்க கழிச்சுப் போட்டீகளே, அதுகூடத்தான் நான் இத்தன வருசம் குடும்பம் நடத்துனேன்! இதக் கூட்டிட்டுப் போங்க!"

வந்தவர் மறுபேச்சில்லாமல் எழுந்து வாசலுக்கு நடந்தார்.

"பாத்தீகளா? போன்னா போவுது! எம்புருசன் போவாராய்யா?"