தேய்ந்த கிளட்ச்

"இந்தத் தடவையாவது வாயை மூடிக்கிட்டு இருங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். புரியுதா?"

மேவிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். லியோனார்ட் தலையாட்டினார்.

வண்டியை விலைக்குப் பார்க்க இதுவரை வந்த மூன்று பேரும் அவர் வாயைத் திறந்த பிறகு ஓடிப் போனவர்கள். மாதக் கடைசியில் பூனா வீட்டைக் காலி செய்தாகவேண்டும். கோயமுத்தூரில் மகளோடு போய் இருக்கப் போகிறார்கள். மகள் வீட்டுச் சந்தில் சைக்கிளே திரும்பாது. இந்த யானையை எங்கே கட்டுவது?

யானைதான். சீமைச் சரக்கு. கம்பெனியின் ஜெர்மன் மேனேஜர் எழுபத்து நாலில் ஊர் திரும்பியபோது லியோனார்டிடம் தள்ளிவிட்டுப் போனது. ஜீப் மாதிரி நாலு சக்கரமும் இழுக்கும். உள்ளே கார் மாதிரி தோல் சீட்டு.

ஸ்வாமிநாதன் வந்தார். பாங்க் ஆபீசர். நெற்றியில் விபூதி, கையில் இஞ்ச் டேப், கூடவே மெக்கானிக் ஜம்பு.

"எதுக்கு சார் இவ்வளவு பெரிய வண்டி?" மேவிஸ் பேச்சுக் கொடுத்தாள்.

"மகாபலேஷ்வர் போகலாம்னு. பெரிய குடும்பம்." எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். பின்கதவைத் திறந்தார். "இந்த சீட்டைக் கழட்டலாமோ?"

"ரெண்டு நிமிஷ வேலை," என்றார் லியோனார்ட்.

ஜம்பு கழற்றினான். "போல்ட்டெல்லாம் வழவழன்னு வருது சார். அடிக்கடி கழட்டின மாதிரி."

மேவிஸ் புருஷனைப் பார்த்தாள். அவர் மாமரத்தைப் பார்த்தார்.

ஸ்வாமிநாதன் டேப்பை வைத்து அளந்தார். நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, நெட்டுக்கு மல்லாந்து படுத்துவிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். கால் இடிக்கவில்லை.

"பேஷ். குழந்தைகள் படுத்துண்டே வரலாம்."

"அசையாமத் தூங்கலாம்," என்றார் லியோனார்ட்.

மேவிஸ் பலமாக இருமினாள்.

ஜம்பு வண்டிக்கு அடியில் புகுந்தான். பானெட்டைத் திறந்தான். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். முகம் சரியில்லை.

"சார், ஆயில் ஒழுகுது. அது போகட்டும், ஜூனா பஜார் பழைய சாமான் கடைங்கள்ல சீல் கிடைக்கும். மலையேற்ற கியர் இறுகிக் கிடக்கு. அதுவும் போகட்டும். கிளட்ச் சுத்தமா காலி. ரேடியேட்டர் கொதிச்சுக் கொதிச்சு உப்புப் பூத்திருக்கு. மீட்டர் என்ன சொல்லுது? இருபதாயிரம் மைல்! யார் காதுல பூ சுத்தறாங்க? லட்சம் மைல் ஓடினாத்தான் கிளட்ச் இப்படித் தேயும்."

ஸ்வாமிநாதன் திரும்பினார். "மீட்டரைத் திருப்பி வெச்சேளா?"

"இல்லை."

"பின்னே கிளட்ச் எப்படித் தேஞ்சது?"

லியோனார்ட் மேவிஸைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ சார். ஸ்டியரிங் பக்கத்துல சிலுவையை வேற ஒட்டி வெச்சிருக்கேள். அதைத் தொட்டுச் சொல்லுங்கோ."

லியோனார்டின் காது சிவந்தது. மேவிஸ் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "வேண்டாங்க. கோயமுத்தூரை நினைச்சுக்கோங்க."

கையை உதறினார்.

"மீட்டர் நிஜம் சார். இந்த வண்டி தூரம் போனதே இல்லை. ஏரவாடா குடிசைங்கள்ல இருந்து கல்லறைத் தோட்டம். திரும்பி வீடு. அவ்வளவுதான்."

"அங்கே என்ன வேலை?"

"செத்தவங்களைக் கொண்டுபோற வேலை. அன்னாடங்காய்ச்சிங்க. பொணம்னா டெம்போக்காரன் வரமாட்டான். நான் போவேன். சீட்டைக் கழட்டிட்டுப் பெட்டியை ஏத்துவோம். ஜனங்க பாடிக்கிட்டே முன்னாடி நடப்பாங்க. ஆரன் அடிச்சு விலகச் சொல்ல முடியுமா? அரை கிளட்ச்லயே பின்னாடி ஊர்ந்து போகணும். கிளட்ச் தேயாம என்ன செய்யும்? கொதிக்காம என்ன செய்யும்?" மூச்சு வாங்கியது. "நீங்க படுத்துப் பார்த்தீங்களே, அங்கதான் வெப்போம். போதுமா?"

வண்டி மேல் சாய்ந்திருந்த ஜம்பு சட்டென்று விலகிக் கையைத் துடைத்தான்.

மேவிஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. நாலாவது ஆளும் போச்சு."

ஸ்வாமிநாதன் போகவில்லை. சிலுவையைப் பார்த்தார். பின்பக்கத்தைப் பார்த்தார். விபூதி நெற்றி வியர்த்திருந்தது.

"மன்னிக்கணும்," என்றார். "உங்க மீட்டர் பொய் சொல்லலை. நான்தான் சொன்னேன்."

"என்ன பொய்?"

"மகாபலேஷ்வர்." குரலைத் தழைத்துக்கொண்டார். "வண்டி எனக்கில்லை. எங்க தமிழ்ச் சங்கத்துக்கு. போன மாசம் தர்மாம்பாள்னு ஒரு மாமி போயிட்டா. பிள்ளை மட்டும்தான் இங்கே. சுமக்க நாலு பேர் சேரலை, வண்டியும் வரலை. கடைசில காய்கறிக்காரனோட ஹாத்காடியில வெச்சுத் தள்ளிண்டு போனோம். அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம். ஆனா எதுக்குன்னு நிஜத்தைச் சொன்னா ஒருத்தனும் வண்டி விக்க மாட்டேங்கறான். ஆசையா வெச்சிருந்த வண்டியிலே பொணத்தை ஏத்தவான்னு விரட்டறான்."

மேவிஸ் மெதுவாக எழுந்து நின்றாள்.

லியோனார்ட் தொண்டையைச் செருமினார். "அப்ப... வண்டியை எடுத்துக்கறீங்களா?"

"எடுத்துக்கறேன். கிளட்ச் மட்டும் புதுசா போட்டுக் குடுத்துடுங்கோ. எங்க பக்கம் பிள்ளை நெருப்புச் சட்டியைத் தூக்கிண்டு முன்னாடி நடப்பான். அவனுக்கும் ஆரன் அடிக்க முடியாது."