சரியான கஞ்சம்

உச்சிப்புளிக்குக் குடிவந்த நாளிலிருந்து லாமியாவுக்குப் பக்கத்து வீட்டுச் சத்தம் தாங்கவில்லை. ஜுவைரியா விடிந்தால் போதும், புருஷனை ஏச ஆரம்பித்துவிடுவாள்.

“கஞ்சம்! பெருநாளைக்கே அரைக் கிலோ கறி வாங்குன ஆளுதானே நீங்க? சரியான கஞ்சம்!”

அந்த மனிதர் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. இன்று பொறுக்கமாட்டாமல் லாமியா உள்ளே நுழைந்தாள்.

“ராத்தா, பாவம் அவுக. இப்படியா ஏசுறது?”

கட்டிலோரம் உட்கார்ந்திருந்த ஜுவைரியா திரும்பினாள்.

“இவுக தமிழ் வாத்தியாரும்மா. நான் கஞ்சம்னு ஏசுனா, ‘கஞ்சம் இல்ல புள்ள, சிக்கனம். சிக்குன்னு பிடிக்கிறதுலருந்து வந்த சொல்லு’ன்னு என் கையைப் பிடிச்சுக் காட்டித் திருத்துவாக. பக்கவாதம் வந்து மூணு மாசமாப் பேச்சில்ல. தப்பாச் சொன்னா திருத்தவாச்சும் வாயத் தொறப்பாகன்னுதான்…”

படுத்திருந்தவரின் உதடு கோணியது.

“சி… சிக்… கனம்.”

ஜுவைரியா குனிந்து பார்த்தாள். அவள் மணிக்கட்டு அவர் பிடியில் இருந்தது.

“கஞ்சம்!” என்றாள், கண்ணைத் துடைக்காமலே.

பிடி இன்னும் இறுகியது.